தோட்டத்து விளைச்சலைச் சுற்றுலாப் பயணியின் இலையில் சேர்ப்பது எப்படி? குற்றாலம், தென்காசிப் பக்கத்து விவசாயிகளுக்கு ஒரு வழிகாட்டி

சாரல் காலத்தில் குற்றாலத்துக்கு வருகிறவர்கள் அருவியில் குளித்து ஏறியதும் நல்ல பசியோடு சாப்பாடு தேடுகிறார்கள். அவர்கள் இலையில் விழுகிற காய் பெரும்பாலும் எங்கிருந்தோ லாரியில் வந்தது. இரண்டு மைல் தள்ளி விளைந்த கத்தரியும் வெண்டையும் பாவூர்சத்திரம் சந்தைக்குப் போய், கமிஷனும் வண்டிக் கூலியும் கழிந்து, மிஞ்சிய விலைக்குப் போகின்றன. இந்த இரண்டையும் சேர்த்துவைக்க முடியும். நாங்கள் தோட்டத்தில் முன்பதிவுக்கு மதியச் சாப்பாடு போடுகிறோம், கொஞ்சம் பொட்டலப் பொருளும் விற்கிறோம். சமையல் எங்களுக்குச் சிரமமாக இருக்கவில்லை. எந்தத் தாளை எந்த அலுவலகத்தில், எதற்கு அடுத்து எது என்று வாங்குவதுதான் ஆளை அலைக்கழித்தது. ஒருவர் சொன்னதை இன்னொருவர் மறுத்தார். முழு வரிசையையும் சொல்ல ஒருவரும் இல்லை. அந்த வரிசையை இங்கே எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒன்று. பலரும் முதலில் அறை கட்டுகிறார்கள். கடன் வாங்கி இரண்டு அறையை எழுப்பிவிட்டு, பிறகு சாப்பாட்டைப் பற்றி யோசிக்கிறார்கள். நீங்கள் சாப்பாட்டில் தொடங்குங்கள். உங்களிடம் ஏற்கெனவே இருப்பது நிலம், அடுப்பு, கைப்பக்குவம். அறைக்கான அனுமதி வேறு கதை, செலவும் வேறு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

1. செய்யப்போவது எது என்று பிரித்துக்கொள்ளுங்கள்

நான்கு வேலைகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் சட்டம் வேறு.

சொந்த நிலத்தில் விளைந்த காயையும் பழத்தையும் அப்படியே விற்பது முதல் வேலை. உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைகள் சட்டம், 2006-இன் 18ஆம் பிரிவு, விவசாயியையும் அவர் பண்ணையளவில் விளைவித்த பயிரையும் விலக்கி வைத்திருக்கிறது. தோட்டத்து வாசலில் மாங்காய் விற்க ஃபுட் லைசென்ஸ் கேட்டு யாராவது மிரட்டினால் இந்தப் பிரிவைச் சொல்லுங்கள்.

ஆனால் அதே மாங்காயை ஊறுகாய் ஆக்கிய நொடியில் நீங்கள் உணவுத் தொழில் செய்கிறவர் ஆகிவிடுகிறீர்கள். இது இரண்டாவது வேலை: பதப்படுத்திப் பொட்டலம் போடுவது. மூன்றாவது, சமைத்துப் பரிமாறுவது. இரண்டுக்கும் உணவுப் பாதுகாப்புப் பதிவு கட்டாயம். நான்காவது, தங்கவைப்பது.

இன்னொரு கோடும் உண்டு. பக்கத்துத் தோட்டத்துக்காரரின் காயை நீங்கள் வாங்கி விற்றால், அந்தக் காயைப் பொறுத்தவரை நீங்கள் விவசாயி அல்ல, வியாபாரி. 18ஆம் பிரிவு அங்கே உங்களைக் காப்பாற்றாது. ஆகவே முதல் வேலையை மட்டும் செய்கிறவரும், அக்கம்பக்கத்துக் காயைச் சேர்த்து விற்கும் எண்ணம் இருந்தால், பதிவு செய்துகொள்வதுதான் நல்லது.

2. சீசனிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

நம் பக்கத்தில் இரண்டு கூட்டம் வருகிறது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாரல் கூட்டம். கார்த்திகை பிறந்ததிலிருந்து தை மகரவிளக்கு வரை சபரிமலைக்குப் போகிற, திரும்புகிற ஐயப்ப பக்தர்களின் கூட்டம். முதல் கூட்டம் நாட்டுக்கோழிக் குழம்பு கேட்கும். இரண்டாவது கூட்டம் மாலை போட்டிருக்கும். அசைவம் சமைத்த பாத்திரம் கண்ணில் பட்டாலே எழுந்து போய்விடும். அந்த மாதங்களில் அடுப்பங்கரையை முழுக்கச் சைவமாக்கிவிடுங்கள். பாத்திரத்தைத் தனித்தனியாக வைத்துச் சமாளிக்கலாம் என்று எண்ணாதீர்கள்; நெரிசலில் கை மாறிப் போகும்.

இனி விளைச்சல். ஜூனில் கோழி வேண்டுமென்றால், மேய விட்டு வளர்க்கிற நாட்டுக்கோழி எடை கட்ட ஐந்து, ஆறு மாதம் ஆகும். டிசம்பர், ஜனவரியிலேயே குஞ்சு இறங்கியிருக்க வேண்டும். கத்தரிக்கு நாற்று நட்டதிலிருந்து முதல் பறிப்புக்கு இரண்டு, இரண்டரை மாதம். வெண்டைக்கு ஒன்றரை மாதம். கீரையை ஒரே பாத்தியில் விதைக்காமல் வாரம் ஒரு பாத்தியாக விதையுங்கள். இலைக்காகத் தனியாகப் பத்து வாழை நடுங்கள். ஆனி, ஆடிக் காற்றுக்கு முன்னால் முட்டுக் கொடுத்துவிடுங்கள். காற்று கிழித்த இலையில் விருந்தினருக்குப் பரிமாற முடியாது, அந்த நேரத்தில் சந்தை இலையின் விலை கையைக் கடிக்கும்.

தாள் வேலையும் இந்தக் கணக்குக்குள் வர வேண்டும். பிப்ரவரி, மார்ச் மந்தமான மாதங்கள்; எல்லா விண்ணப்பத்தையும் அப்போதே போடுங்கள். மே மாதத்தில் போய் நின்றால், உங்களைப் போலவே சீசன் கடை போடுகிற அத்தனை பேரும் வரிசையில் இருப்பார்கள்.

3. கையில் இருக்க வேண்டிய தாள்கள்

ஆதார், பான், பாஸ்போர்ட் அளவுப் புகைப்படம், வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கம், இடத்துக்கான ஆதாரம். கடைசியாகச் சொன்னதுதான் ஆளைச் சுற்றவிடும். பட்டா, சிட்டா நகலை அரசின் இ-சேவைத் தளத்திலிருந்து நீங்களே எடுக்கலாம். அதில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நம் ஊரில் பாதி நிலம் தாத்தா பெயரிலோ கூட்டுப்பட்டாவிலோ கிடக்கிறது. கூட்டுப்பட்டா என்றால் மற்ற பங்குதாரர்கள் எல்லோரிடமும், இன்ன சர்வே எண்ணில் இன்ன தொழில் செய்ய ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அண்ணன் தம்பிதானே, கேட்டால் தரப்போகிறார்கள் என்று கடைசிக்குத் தள்ளாதீர்கள். ஒருவர் வெளிநாட்டில் இருந்தால் போதும், முழு விண்ணப்பமும் அங்கேயே நின்றுவிடும்.

எல்லாத் தாளிலும் பெயரின் எழுத்தும் இனிஷியலும் ஒன்றுபோல இருக்க வேண்டும். ஆதாரில் இனிஷியல் பின்னால், பானில் அப்பா பெயர் முழுதாக, மின் ரசீதில் வேறு விதம் என்று இருந்தால் ஆதாரைத் திருத்துவதிலிருந்து தொடங்குங்கள்.

அடுத்து உத்யம் பதிவு. சிறுதொழில் என்று அரசு தரும் அடையாளம் இது. ஆதாரும் பானும் இருந்தால் ஒரே உட்காரலில் முடியும். கட்டணம் எதுவும் இல்லை. இணையத்தில் தேடினால் அரசுத் தளம் போலவே தோற்றமளிக்கிற தனியார் தளங்கள் முதலில் வந்து நிற்கும்; ஆயிரம், இரண்டாயிரம் ரூபாய் கேட்கும். முகவரியின் முடிவில் ஜிஓவி டாட் இன் இருக்கிறதா என்று பார்த்த பிறகே ஆதார் எண்ணைத் தட்டுங்கள். இந்தப் பதிவின் உண்மையான பயன் 9ஆம் படியில் தெரியும்.

ஊராட்சிக்குள் தொழில் நடத்த ஊராட்சி அலுவலகத்தின் தொழில் உரிமமும் வேண்டும். ஊராட்சிச் செயலரைப் பார்த்துப் பேசி, கட்டியதற்கு ரசீது வாங்குங்கள். வாய்மொழிச் சம்மதம் தலைவர் மாறினால் மாறிவிடும்.

4. தண்ணீரைச் சோதித்துவிடுங்கள்

உணவுப் பாதுகாப்பு அலுவலர் தோட்டத்துக்கு வந்தால் முதலில் கேட்பது தண்ணீரைப் பற்றித்தான். கிணற்றுத் தண்ணீர் தலைமுறை தலைமுறையாகக் குடித்ததுதான். ஆனாலும் தாள் வேண்டும். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கட்டணம் கட்டிச் சோதிக்கலாம். இரண்டு சோதனைகளையும் கேளுங்கள்: உப்பு, கடினத்தன்மை, நைட்ரேட் பார்க்கிற வேதிச் சோதனை ஒன்று, கிருமிச் சோதனை இன்னொன்று. வேதிச் சோதனைக்குச் சுத்தமான கேனில் கொண்டுபோகலாம். கிருமிச் சோதனைக்கு ஆய்வகம் தருகிற கிருமிநீக்கிய புட்டியிலேயே பிடித்து, ஐஸ் வைத்து அன்றைக்கே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். குளிர்பானப் புட்டியில் பிடித்துக்கொண்டு போனால் முடிவு தப்பாக வரும், கட்டிய பணம் வீண்.

கிருமி இருப்பதாக வந்தால் பதற வேண்டாம். கிணற்றுக்குக் குளோரின் போட்டு, மேல்நிலைத் தொட்டியைக் கழுவி, மறுபடி சோதிக்கலாம். பெரும்பாலும் தொட்டியில்தான் கோளாறு இருக்கும். மாட்டுத் தொழுவமும் கழிப்பறைக் குழியும் கிணற்றுக்கு அருகில் இருந்தால் மட்டும் செலவுள்ள வேலை காத்திருக்கிறது. அது முதலிலேயே தெரிவது நல்லது என்பதால்தான் இந்தப் படியைப் பதிவுக்கு முன்னால் வைத்தேன்.

5. உணவுப் பாதுகாப்புப் பதிவு

மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் ஃபாஸ்காஸ் என்ற இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். சிறு தொழிலுக்குப் பதிவு, பெரிய தொழிலுக்கு உரிமம். 2011ஆம் ஆண்டு விதிமுறைகள் ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாய் வரை பதிவு போதும் என்று வைத்தன. நாங்கள் பதிந்தபோது கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய்தான். இந்த வரம்பும் கட்டணமும் திருத்தத்துக்கு உள்ளாகிறவை. பணம் கட்டும் நாளில் தளத்தில் என்ன காட்டுகிறதோ அதுவே கணக்கு. ஆயிரக்கணக்கில் கேட்கிற இடைத்தரகருக்கு இதில் வேலையே இல்லை.

படிவத்தில் கவனம் வேண்டிய இடம், தொழிலின் வகையைத் தேர்ந்தெடுக்கும் பக்கம். நீங்கள் செய்யப்போகிற எல்லாவற்றையும் அதில் குறியுங்கள். சமைத்துப் பரிமாறுவதை மட்டும் குறித்துவிட்டு ஊறுகாயும் பொடியும் விற்றால், விற்கிற பொருளுக்குப் பதிவு இல்லை என்றாகிவிடும். கோழியை நீங்களே அறுப்பதாக இருந்தால் அதையும் சேர்க்க வேண்டும். 2011 விதிமுறைகளில் ஒரு நாளைக்கு 50 கோழி வரை சிறு தொழில் வரம்புக்குள் வந்தது. பாலுக்கு நாளொன்றுக்கு 500 லிட்டர், மற்ற உணவுப் பொருள் தயாரிப்புக்கு நாளொன்றுக்கு 100 கிலோ அல்லது லிட்டர் என்று 2011 விதிமுறைகள் எல்லை வகுத்தன. ஒரு குடும்பம் செய்கிற அளவுக்கு இது தாராளம்.

விண்ணப்பம் சேர்ந்த 7 நாட்களுக்குள் பதிவு தரலாம், காரணம் எழுதி மறுக்கலாம், அல்லது நேரில் பார்க்க வருவதாக நோட்டீஸ் கொடுக்கலாம். பார்வை என்றால் 30 நாள் வரை போகும். எனவே ஒன்றரை மாதம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். திருப்பி அனுப்பப்பட்ட விண்ணப்பத்துக்குத் தனியாக அழைப்பு வரும் என்று காத்திருக்க வேண்டாம். வாரம் இருமுறை தளத்துக்குள் நுழைந்து நிலையைப் பாருங்கள்.

சமைக்கிறவர், பரிமாறுகிறவர் எல்லோருக்கும் மருத்துவரிடம் உடற்தகுதிச் சான்று வாங்கி வையுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், டைபாய்டு தடுப்பூசியும் போட்டிருக்க வேண்டும். அத்தையும் சித்தியும் சமைத்தாலும் இது பொருந்தும். ‘வீட்டு ஆளுக்கு எதற்குச் சான்று?’ என்று அவர்கள் வருத்தப்பட்டால் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள்.

பதிவு வந்ததும் 14 இலக்க எண் கிடைக்கும். சான்றிதழைச் சாப்பிடுகிற இடத்தில் கண்ணில் படும்படி மாட்டுங்கள். 2022 ஜனவரி 1 முதல் ரசீதிலும் இந்த எண் இருக்க வேண்டும். ரசீதுப் புத்தகத்தை அச்சடிக்கக் கொடுப்பதை இந்த எண் வரும்வரை தள்ளிப்போடுங்கள்.

6. மின்சாரமும் சிலிண்டரும்

இந்தப் படியைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். நல்ல மனிதர்கள் அறியாமல் மாட்டிக்கொள்கிற இடம் இதுதான்.

தோட்டத்தில் இருப்பது இலவச விவசாய மின் இணைப்பு. அது பம்புசெட்டுக்கு மட்டும். அதிலிருந்து ஒரு ஒயரை இழுத்துச் சாப்பாட்டுக் கொட்டகைக்கு விளக்கும் மின்விசிறியும் போட்டால், மின்சாரச் சட்டம், 2003-இன் 126ஆம் பிரிவின்படி அது அனுமதியற்ற பயன்பாடு. உரிய கட்டணத்தைப் போல இரு மடங்கு கணக்கிட்டுக் கேட்பார்கள். எப்போது தொடங்கியது என்று தெரியாவிட்டால் பின்னோக்கி 12 மாதத்துக்குக் கணக்கிடலாம். ஒரு சீசனின் வருமானம் அதிலேயே போய்விடும். கொட்டகைக்கென்று தனியாக வணிக இணைப்புக்கு விண்ணப்பியுங்கள். கம்பம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்து மதிப்பீட்டுத் தொகை பெரிதும் மாறும். அதனால் கொட்டகைக்கு இடம் பார்க்கும்போதே மின்கம்பத்தையும் பாருங்கள். தென்னந்தோப்பின் நடுவே போட்டால் பார்க்க அழகுதான். கம்பத்துக்குப் பக்கத்தில் போட்டால் பணம் மிஞ்சும்.

வீட்டுக்கு வருகிற 14.2 கிலோ சிவப்பு சிலிண்டரில் விலைக்கு விற்கிற சாப்பாட்டைச் சமைக்கக் கூடாது. 19 கிலோ வணிக சிலிண்டர் இணைப்பு எடுங்கள். விறகடுப்பில் சமைப்பது உங்கள் சாப்பாட்டின் சிறப்பாகவே இருக்கலாம். அப்படியானால் ஓலைக் கூரையிலிருந்து அடுப்பைத் தள்ளி வையுங்கள், தீயணைப்புக் கருவி ஒன்றும் மணல் வாளிகளும் பக்கத்தில் இருக்கட்டும்.

7. பொட்டலமும் லேபிளும்

இலையில் பரிமாறுகிற சாப்பாட்டுக்கு லேபிள் வேண்டாம். ஊறுகாய், பொடி, வற்றல், செக்கெண்ணெய், தேன் என்று பொட்டலம் கட்டியதெல்லாம் லேபிளுக்கு உட்பட்டவை. பொருளின் பெயர், சேர்மானங்கள் அளவில் கூடியதிலிருந்து குறைந்தது வரை, ஊட்டச்சத்து விவரம், நிகர எடை, தயாரித்த தேதி, எதற்கு முன் பயன்படுத்த வேண்டும் என்ற தேதி, தொகுதி (பேட்ச்) எண், உங்கள் பெயரும் முழு முகவரியும், புகார் சொல்ல ஒரு தொலைபேசி எண், எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. முத்திரையும் 14 இலக்க எண்ணும், அனைத்து வரிகளும் உட்பட்ட அதிகபட்ச விலை, சைவத்துக்குச் சதுரத்துக்குள் பச்சை வட்டம். நிலக்கடலை, பால் போன்று ஒவ்வாமை தரக்கூடியவை இருந்தால் தனியே சொல்ல வேண்டும்.

பொட்டலம் போடுகிறவர் சட்டமுறை எடையளவுப் பதிவும் செய்ய வேண்டும். தமிழ்நாட்டில் இது தொழிலாளர் துறையின் கீழ் வருகிறது. கட்டணம் 500 ரூபாய், பொட்டலம் போடத் தொடங்கி 90 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். எடை போடுகிற தராசிலும் அந்தத் துறையின் நடப்பு முத்திரை இருக்க வேண்டும்.

மூன்று பொறிகளைச் சொல்லியாக வேண்டும். செக்கில் ஆட்டிய எண்ணெயை விருந்தினர் கொண்டுவந்த பாட்டிலில் ஊற்றிக் கொடுப்பது பார்க்கச் சாதாரணமாகத் தோன்றும். ஆனால் சமையல் எண்ணெயைச் சில்லறையாக அளந்து விற்கத் தடை இருக்கிறது, மூடி முத்திரையிட்டுத்தான் விற்க வேண்டும். அடுத்தது, ‘சர்க்கரை நோயைக் குணமாக்கும் கறுப்புக்கவுனி’ என்பது போல எழுதுவது. உணவு நோயைத் தீர்க்கும் என்று லேபிளிலோ வாசல் பலகையிலோ வாட்ஸ்அப் விளம்பரத்திலோ சொல்லக் கூடாது. எந்த வயலில் விளைந்தது, எப்படிப் புடைத்தோம், எப்படி அவித்தோம் என்று சொல்லுங்கள். நகரத்திலிருந்து வருகிறவர் கேட்க விரும்புவதும் அதைத்தான். மூன்றாவது, புவிசார் குறியீடு பெற்ற, அதாவது இன்ன ஊருக்கே உரிய பொருள் என்று அரசு பதிந்து காக்கிற பெயர்கள். உடன்குடிப் பனங்கருப்பட்டி, கோவில்பட்டிக் கடலைமிட்டாய் போன்ற பெயர்களை, அந்த ஊர்ப் பொருளை முறையாகத் தயாரிக்கும் பதிவுபெற்ற பயனாளர்தான் தன் பொருளுக்கு இடலாம். உங்கள் கருப்பட்டிக்கு உங்கள் ஊர்ப் பெயரை வையுங்கள். அது நல்ல பெயர்தான்.

பொதிய என்ன பயன்படுத்துவது? 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பை, தட்டு, குவளை, உறிஞ்சுகுழல் எல்லாவற்றுக்கும் தடை. அதற்குப் பதிலாகச் செய்தித்தாளில் வடையைச் சுற்றுகிறவர்கள் உண்டு. அச்சு மை உணவில் இறங்கும் என்பதால் அதுவும் தடைசெய்யப்பட்டதுதான். வாழையிலை, தையல் இலை, துணிப்பை இருக்கின்றன. பனையோலைக் கொட்டானில் வைத்துக் கொடுங்கள்; பெட்டி முடைகிற பெண்களுக்கும் நாலு காசு கிடைக்கும்.

8. அக்கம்பக்கத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள்

ஒரு தோட்டம் மட்டும் சீசன் முழுக்கத் தாக்குப்பிடிக்காது. உங்களிடம் கத்தரி, பக்கத்தில் தேங்காய், அடுத்த தெருவில் மோர், புளியங்குடிப் பக்கத்திலிருந்து எலுமிச்சை என்று சேர்த்தால்தான் இலை நிறையும். ஊரில் இந்தத் தொழில் நிலைப்பதும் இதனால்தான். கூட்டம் உங்கள் வாசலில் மட்டும் நின்றால் வண்டிச் சத்தமும் புழுதியும் ஊருக்கு, பணம் உங்களுக்கு என்று ஆகும். இரண்டாவது ஆண்டே புகார் கிளம்பும்.

விதைக்கும் முன்பே பேசுங்கள். எந்த வாரம், எத்தனை கிலோ, என்ன விலை என்று ஒரு நோட்டில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். சந்தை விலை ஏறினாலும் இறங்கினாலும் ஒரே விலை என்று வைத்தால் யாராவது ஒருவர் வருத்தப்படுவார். அன்றைய பாவூர்சத்திரம் விலைக்கு மேல் கிலோவுக்கு இவ்வளவு என்று வைப்பது சச்சரவைக் குறைக்கிறது. கமிஷனும் வண்டிக் கூலியும் மிஞ்சுவதால் இருவருக்குமே கட்டுப்படியாகும். வாங்கிய ஒவ்வொன்றுக்கும் தேதி, பெயர், எடை போட்டுச் சீட்டு வையுங்கள். நாளைக்கு யாருக்காவது வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாமல் போனால், எந்தப் பொருள் எங்கிருந்து வந்தது என்று காட்ட அந்தச் சீட்டு ஒன்றுதான் இருக்கும்.

பெண்கள் குழுவாகச் செய்வதாக இருந்தால் குழுவின் பெயரிலேயே பான், வங்கிக் கணக்கு, உணவுப் பதிவு என்று எடுங்கள். ஒருவர் பெயரில் எடுத்தால், அவர் விலகும் நாளில் எல்லாம் அவரோடு போய்விடும். மாவட்ட மகளிர் திட்ட அலுவலகத்தில் குழுக்களுக்கு வழிகாட்டுவார்கள். 2020இல் தொடங்கிய குறு உணவு நிறுவனங்களுக்கான பிரதமரின் திட்டம், தகுதியுள்ள திட்டச் செலவில் 35 சதவீதம், உச்சமாக 10 லட்சம் ரூபாய் வரை, வங்கிக் கடனோடு இணைந்த மானியமாகத் தந்தது. அந்தத் திட்டமோ அதைப் போன்ற வேறொன்றோ இப்போது விண்ணப்பம் வாங்குகிறதா என்று மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள். ஆனால் மானியத்தை நம்பி இயந்திரத்துக்கு முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். கடன் அனுமதிக் கடிதம் கைக்கு வரட்டும்.

9. விடுதிகளுக்குக் கொடுப்பது

குற்றாலத்து விடுதிகளுக்கும் உணவகங்களுக்கும் காய், பால், முட்டை கொடுப்பது நிதானமான வருமானம். முதலாளியிடம் மட்டும் பேசினால் போதாது. சமையல் மாஸ்டரைப் பார்த்து, அவருக்கு எந்த அளவில், காலை எத்தனை மணிக்கு வேண்டும் என்று கேளுங்கள். சீசனில் ஐந்தரை மணிக்குக் காய் போகாவிட்டால் அவர் சந்தையில் வாங்கிவிடுவார், உங்கள் மூட்டை திரும்பி வரும்.

பணம் நிற்பதுதான் இங்கே பெரிய தொல்லை. சீசன் முடிந்து மொத்தமாகத் தருகிறேன் என்பதற்குச் சம்மதிக்காதீர்கள். வாரா வாரம் கணக்கு முடியுங்கள். ஒவ்வொரு முறையும் சலானில், அதாவது சரக்கு கொடுத்த சீட்டில், பெற்றவர் கையெழுத்து வாங்குங்கள். உத்யம் பதிவு உள்ள குறு, சிறு தொழில் உற்பத்தியாளருக்கு அதிகம் போனால் 45 நாட்களுக்குள் பணம் தர வேண்டும் என்பது 2006ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் சட்டம். தவறினால் வட்டியோடு கேட்க இணையத்தில் முறையிடலாம். ஊறுகாய், எண்ணெய், பொடி கொடுக்கிறவர்களுக்கு இது பெரிய பலம். சலான் இல்லாவிட்டால் அந்தப் பலமும் இல்லை.

10. விலை வைப்பது

ஒரு மாதிரிக் கணக்கு போட்டுக் காட்டுகிறேன். 20 பேருக்குச் சைவச் சாப்பாடு. அரிசி, பருப்பு, எண்ணெய், மளிகை 1,400 ரூபாய். காய், கீரை, தயிர், இலை, சந்தை விலையில், 1,000. எரிபொருள் 250. சமைக்க இருவர், பரிமாறிக் கழுவ ஒருவர், கூலி 1,800. மின்சாரம், பாத்திரத் தேய்மானம், சோதனை, பதிவுக் கட்டணங்களின் பங்கு 350. மொத்தம் 4,800, ஒரு இலைக்கு 240.

நம் வீடுகளில் என்ன நடக்கிறது? காய் நம் தோட்டத்தது என்று 1,000 ரூபாயை விட்டுவிடுகிறோம். சமைப்பது அம்மாவும் மனைவியும் என்று 1,800-ஐ விட்டுவிடுகிறோம். கணக்கு 2,000 என்று வருகிறது, இலைக்கு நூறுதான், 150-க்கு விற்றால் ஐம்பது லாபம் என்று மகிழ்கிறோம். உண்மையில் ஒவ்வொரு இலைக்கும் 90 ரூபாய் நட்டம். அந்த நட்டத்தை அடுப்படியில் நின்ற பெண்கள் தங்கள் உழைப்பால் கட்டுகிறார்கள். அவர்கள் கூலியைக் கணக்கில் எழுதுங்கள், அன்றைக்கே கையில் கொடுங்கள். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், பண்ணைச் சாப்பாடு நின்றுபோன பல வீடுகளில் முதலில் ஓய்ந்துபோனது அந்தக் கைகள்தான்.

20 பேருக்குச் சமைத்து 14 பேர் வந்தால் அதே 4,800-ஐ 14-ஆல் வகுக்க வேண்டும். இலைக்கு ஏறத்தாழ 343 ஆகிவிடும். அதனால் முன்பதிவு கட்டாயம், பாதிப் பணம் யு.பி.ஐ.யில் முன்கூட்டியே. அருவியில் வெள்ளம் வந்து குளிக்கத் தடை போட்டால் கூட்டம் அப்படியே திரும்பிவிடும். அந்த நாளுக்கு என்ன விதி என்பதை முன்பதிவு செய்யும்போதே எழுத்தில் அனுப்புங்கள்: தேதியை மாற்றித் தருகிறீர்களா, பணத்தைத் திருப்புகிறீர்களா? நாங்கள் தேதி மாற்றித் தருகிறோம். பலர் மறுபடி வந்திருக்கிறார்கள்.

வரியைப் பற்றிச் சுருக்கமாக: சமைத்து விற்ற பணம் விவசாய வருமானம் ஆகாது, கணக்கைத் தனியாக எழுதுங்கள். சாப்பாடும் தங்கலும் சேவை என்பதால், மொத்த வரவு ஆண்டுக்கு 20 லட்சத்தை நெருங்கினால் ஜி.எஸ்.டி. பதிவுக்குத் தணிக்கையாளரைப் பாருங்கள்.

கள் கேட்கிற விருந்தினரும் வருவார்கள். தமிழ்நாட்டில் கள் இறக்கவும் விற்கவும் தடை. எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும் இல்லை என்று சொல்லிவிடுங்கள்.

11. அறை கொடுப்பது

சாப்பாடு ஒரு முழு ஆண்டு ஓடிய பிறகு இதை யோசியுங்கள். புதிதாகக் கட்டாமல், குடியிருக்கிற வீட்டில் சும்மா கிடக்கிற அறையைத் திருத்துவதுதான் மலிவான வழி. மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் வீட்டுத் தங்கல் திட்டத்தில் உச்சமாக 6 அறை, 12 படுக்கை. உரிமையாளர் குடும்பம் அங்கேயே குடியிருக்க வேண்டும். தமிழ்நாடு சுற்றுலாத் துறையிலும் இணையவழிப் பதிவு உண்டு. இணைந்த கழிப்பறை, சாய்தளம், முதலுதவிப் பெட்டி, தீயணைப்புக் கருவி எல்லாவற்றையும் பார்ப்பார்கள்.

மலையடிவாரத்தில் இருப்பவர்கள் கடைக்கால் தோண்டும் முன் தங்கள் கிராமம் மலையிடப் பாதுகாப்புப் பட்டியலில், அதாவது ஹாகாவில், வருகிறதா என்று நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் கேளுங்கள். வந்தால் அனுமதிக்குக் காலமும் செலவும் பல மடங்கு. குடியிருப்பு வீடு என்று வரைபட அனுமதி வாங்கி விடுதி கட்டுவது சீல் வைக்கிற வரை போகும்.

வெளிநாட்டவர் தங்கினால், வந்த 24 மணி நேரத்துக்குள் அவரது விவரத்தைக் குடிவரவுத் துறையின் இணையதளத்தில் ஏற்ற வேண்டும். ஒரே இரவு தங்கினாலும், பணம் வாங்காமல் தங்கவைத்தாலும் இது பொருந்தும். அதற்கான கணக்கை முன்பே திறந்து வையுங்கள். நள்ளிரவில் விருந்தினரை வாசலில் நிறுத்திக்கொண்டு திறக்க முடியாது.

12. தேதிகளை எழுதி மாட்டுங்கள்

உணவுப் பதிவு, ஊராட்சி உரிமம், தராசு முத்திரை, மருத்துவச் சான்று, தண்ணீர்ச் சோதனை, தீயணைப்புக் கருவியின் நிரப்பு ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனி முடிவு தேதி இருக்கும். அடுப்படிச் சுவரில் ஒரு நாட்காட்டியில் எல்லாவற்றையும் குறித்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு மாதம் முன்னால் இன்னொரு குறியும் போடுங்கள். முடிந்தால் எல்லாவற்றையும் பிப்ரவரிக்கே கொண்டுவந்துவிடுங்கள். ஊராட்சி உரிமத்தைக் கொஞ்சம் முன்னதாகவும், தண்ணீர்ச் சோதனையை மழைக்குப் பிறகு தை மாதத்திலும் செய்தால் இது கைகூடும். தண்ணீரை மட்டும் ஆண்டுக்கு இருமுறை சோதியுங்கள்: தையில் ஒருமுறை, சாரல் தொடங்கிக் கிணறு கலங்கியதும் இன்னொருமுறை. சான்றிதழ்களின் நகல் ஒரு தொகுப்பு தோட்டத்திலும், அசல் வீட்டிலும் இருக்கட்டும்.